டிவியில் விழித்த யானை, பேப்பரில் தூங்கிய யானை

வியாழன், காலை 6.15. சேலத்தில் மாதேஸ்வரன் மலை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தபோது, மைசூருக்கு எதற்காகப் போகிறேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. முந்தின நாள் என் தங்கை கனகா போனில் சொன்னது இவ்வளவுதான்.

"அக்கா, இவரு செதுக்குன யானையை டெல்லியில ஒரு வெளிநாட்டுத் தலைவருக்குப் பரிசா குடுத்திருக்காங்க. டிவியில காட்டினாங்க. பேப்பர்லயும் வந்துச்சு. இவரு மூணு நாளா ஒழுங்கா சோறு திங்கல. நீ கெளம்பி வா."

"சந்தோசத்துலயா?"

"சந்தோசத்துல யாராச்சும் சோத்தைத் தள்ளுவாங்களா? வந்து பேசிப் பாரு. உனக்குத்தான் பேச்சு வரும்."

பேச்சு வரும் என்பது உண்மைதான். ஆத்தூரில் இருபத்தாறு வருடமாகத் தையல் கடை நடத்துகிறேன். அளவு எடுக்கக் கையை விரித்து நிற்கிற பெண்கள் அந்த இரண்டு நிமிடத்தில் சொல்லாத கதை கிடையாது. நன்றாக யாராவது ஒன்று சொல்லிவிட்டால் அதை அளவு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வேன். அந்த நோட்டும் இஞ்சு டேப்பும் இந்தப் பயணத்திலும் என் பையில் இருந்தன.

கனகாவின் கணவர் பழனிவேல் தம்மம்பட்டிக்காரர். அவர் வீட்டில் கோயில் வாகனங்கள் செதுக்குவார்கள். ஈட்டி மரத்தில் வேலை செய்ய வேண்டும் என்ற ஆசையில் இருபத்திரண்டு வருடத்துக்கு முன் மைசூருக்குப் போனவர், அங்கே ஒரு பட்டறையில் நிலைத்துவிட்டார். அதிகம் பேசாத மனிதர். நான் பேசுவதை மட்டும் ரசித்துக் கேட்பார். அதனாலேயே எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

மேட்டூரில் பஸ் பத்து நிமிடம் நின்றது. டீ பன்னிரண்டு ரூபாய். கொளத்தூர் தாண்டிக் காடு வந்தது. 9.05க்கு பாலாறு சோதனைச்சாவடி. வனத்துறை ஆள் ஒருவர் ஏறி எங்கள் பைகளையெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கினார். பாலத்துக்குக் கீழே ஆற்றில் மணல்தான் அதிகம், தண்ணீர் ஓரமாக ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தது. கைபேசியில் 'கர்நாடகாவுக்கு நல்வரவு' என்று செய்தி வந்தது. போர்டுகளில் எழுத்து மாறியது. அதுவரை படித்துக்கொண்டே வந்தவள், அங்கிருந்து வெறுமனே பார்த்துக்கொண்டு போனேன்.

மலையில் இறங்கி மைசூர் போகும் கர்நாடக பஸ்ஸுக்கு மாறினேன். இன்னும் நூற்று நாற்பது கிலோமீட்டர் இருந்தது. பஸ்ஸில் பாதிக்கு மேல் பெண்கள். நடத்துநர் ஒவ்வொருவரிடமும் ஆதார் அட்டையைப் பார்த்துக் காசு வாங்காமல் சீட்டுக் கிழித்துக் கொடுத்தார். நானும் அட்டையை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, இது தமிழ்நாடு. உங்களுக்கு டிக்கெட் உண்டு. நூத்தி எண்பத்தஞ்சு."

"எங்க ஊர் டவுன் பஸ்ல எனக்கும் ஃப்ரீதாங்க."

"அங்க போயி உக்காந்துக்கோங்க, ஃப்ரீயா கூட்டிட்டுப் போவாங்க" என்றார். பஸ்ஸே சிரித்தது.

பக்கத்து இருக்கையில் ஹனூர்க்கார அம்மா ஒருவர் மடியில் தக்காளிக் கூடையோடு இருந்தார். "உங்கூரு கார்டுக்கு இங்க காசு, எங்கூரு கார்டுக்கு அங்க காசுங். பொம்பளையா இருந்தாலும் ஒரே ஊருப் பொம்பளையாத்தான் இருக்கோணுமாட்ட இருக்குது" என்றார். நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன்.

கொள்ளேகாலில் ஒரு மணிக்கு எலுமிச்சை சாதம், நாற்பது ரூபாய். நரசிபுரத்தில் காவிரியைக் கடந்தோம். மேட்டூரில் நான் பார்த்துவிட்டு வந்த தண்ணீர் எல்லாம் இந்த வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். நான்தான் அதற்கு எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தேன்.

மதியம் 3.10. மைசூர் பஸ் நிலையம். அழைத்துப் போக கனகாவின் மகள் பவித்ரா வந்திருந்தாள். கல்லூரியில் இரண்டாம் வருடம். அவளுடைய தமிழ் வீட்டு வாசல்வரைதான், தாண்டினால் கன்னடம்.

"பெரியம்மா, அப்பா சும்னே, சும்மாவே உக்காந்திருக்காரு. கேட்டா ஏனில்ல, ஒண்ணுமில்லங்கறாரு. அம்மா அழறாங்க. நடுவுல எனக்கு எக்ஸாம்."

"யானைக்கு என்னடி ஆச்சு?"

"அதைத்தான் யாரும் சொல்லல. நீங்களே பாருங்க" என்று நகரப் பேருந்தில் வைத்தே கைபேசியைக் காட்டினாள். மூன்று விநாடிக் காட்சி. இரண்டு தலைவர்கள் கைகுலுக்குகிறார்கள். நடுவே மேசையில் அம்பாரி வைத்த யானை, தலை இடப்பக்கம் பார்த்து நிற்கிறது. கண் பளிச்சென்று திறந்திருக்கிறது. இன்னொரு படம் கன்னடப் பேப்பரில் வந்தது. அதில் யானையின் தலை வலப்பக்கம். கண் மூடியிருக்கிறது.

"இது வேற யானை போல" என்றேன்.

"ஒரே யானைதான் பெரியம்மா. அதுதான் ப்ராப்ளம்."

கேசரேயில் அவர்கள் வீடு. பழனிவேல் அணைத்து வைத்த டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"வாங்கக்கா. உங்கள யாரு வரச்சொன்னா?"

"உங்க யானைதான் மாப்ள. கண்ணைக் காட்டிக் கூப்பிட்டுச்சு."

அவர் சிரிக்கவில்லை. கனகா ராகி முத்தேயும் கீரைச்சாறும் வைத்தாள். எங்கள் ஊர்க் களிதான். இங்கே உருண்டையைக் கொஞ்சம் சின்னதாகப் பிடிக்கிறார்கள். நான் சாப்பிட்டு முடித்ததும் அவர் தானே சொன்னார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

பட்டறையில் பெரிய ஆர்டர் எதுவானாலும் ஒரே மரத்திலிருந்து இரண்டாகச் செதுக்குவார்கள். ஈட்டி மரம் எப்போது கோபித்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாதாம். பாலிஷ் போடும்போதுகூட வெடிக்கும். இரண்டில் நல்லது வாங்குகிறவருக்கு, மற்றது கடை அலமாரிக்கு. இரண்டையும் ஜோடி என்பார்கள். இது பட்டறை வழக்கம். இன்னொன்று பழனிவேலின் சொந்த வழக்கம். தம்மம்பட்டியில் வாகனங்களுக்குக் கண் திறப்பதைக் கடைசியாகத்தான் செய்வார்கள். அதை அவர் மைசூருக்கு வந்தும் விடவில்லை. கடையில் விற்கிற சின்ன யானைக்குக்கூட இமைக்கோடு வரைதான் முதலில் போடுவார். பாலிஷ் எல்லாம் முடிந்து, பொருள் கைமாறப்போகிற அன்று காலை குளித்துவிட்டு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், இருப்பதிலேயே சின்ன உளியால் ஒரு கண்ணுக்கு ஒரே வெட்டு. அப்போதுதான் அது யானை. அதுவரை மரம்.

இந்த அம்பாரி யானையின் ஜோடியை ஒரு சனிக்கிழமை முடித்து வைத்திருக்கிறார். திங்கட்கிழமை டெல்லி அதிகாரிகள் வருவதாகப் பேச்சு. அன்று காலை கண் திறந்துகொள்ளலாம் என்று ஞாயிற்றுக்கிழமை நஞ்சன்கூட்டில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டார். அதிகாரிகள் ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டார்கள். திங்களன்று பட்டறைக்குப் போனால் ஒரு யானை இல்லை.

"கண்ணு?" என்று ஓனரிடம் கேட்டிருக்கிறார்.

"ஆய்து, ஆய்து, ஆயிடுச்சு. நீதானே சனிக்கிழமையே தெறந்துட்டே" என்றிருக்கிறார் ஓனர்.

"நான் திறக்கலைங்கக்கா. திறக்கலைன்னுதான் நெனப்பு. ஆனா அவரு அடிச்சுச் சொல்றாரு. சரி, திறந்திருப்பேனோன்னு விட்டுட்டேன். டிவியில பார்த்தேன், கண்ணு திறந்திருந்துச்சு. நிம்மதியா இருந்துச்சு. மறுநாள் பேப்பரைப் பார்த்தா மூடியிருக்குது." கையை விரித்தார். "இடது திறந்திருக்கு. வலது மூடியிருக்கு. அப்ப ஒரு கண்ணைத் திறந்துட்டு இன்னொண்ணை மறந்திருக்கேன். திறந்ததையே மறந்திருக்கேன்."

இரண்டு அரசாங்கங்கள் கைமாற்றிக்கொண்ட யானை ஒரு கண்ணில் விழித்து ஒரு கண்ணில் தூங்குகிறது. எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. கனகா என் காலை மிதித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"அக்கா, எங்க மாமனாருக்கு மறதி வந்தது இந்த வயசுலதான். சொந்த மகன் பேரே தெரியாமப் போனாரு. இவருக்கும் அதே வந்துடுச்சுன்னு முடிவே பண்ணிட்டாரு. அன்னையிலிருந்து எதுக்கும் கண்ணு திறக்கல. பட்டறையில பதினோரு யானை மூடின கண்ணோட நிக்குது. சனிக்கிழமைக்குள்ள வேலையை முடிக்கலைன்னா வேற ஆளைக் கூட்டிட்டு வருவேன்னு ஓனர் சொல்லிட்டாரு. அதே சனிக்கிழமை பதினோரு மணிக்குத் தலை ஸ்கேனுக்கு எழுதிக் குடுத்திருக்காங்க."

வெளியே வந்து அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"மாப்ள, என் பெரிய பையன் கல்யாணத்துல என்ன குறை சொன்னாங்க?"

"பாயசத்துல முந்திரி இல்லைன்னு உங்க நாத்தனார் சொன்னாங்க."

"என் கடை மிஷின் எந்தப் பக்கம் பார்த்திருக்கும்?"

"தெருவைப் பார்த்து. முன்னாடி செவுத்தைப் பார்த்திருந்துச்சு. மூணு வருசம் முந்தி திருப்பினீங்க."

"உங்க நெனப்பு என் நெனப்பை விட நல்லாத்தான் இருக்கு."

"எங்கப்பாவும் பழசெல்லாம் சொல்வாருக்கா. நேத்து நடந்ததுதான் தெரியாது."

 பேச்சு வரும் என்று நம்பி வரச்சொன்னார்கள். வந்த முதல் நாளே தீர்ந்துவிட்டது.

வெள்ளி, காலை 10.00. மண்டி மொஹல்லாவில் ஒரு சந்து. தச்சுப் பட்டறை, பழைய இரும்பு, பிரியாணிக் கடை எல்லாம் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. முன்பக்கம் கடை, பின்பக்கம் பட்டறை. பழனிவேல் வேலையை விட்டுவிடவில்லை. துதிக்கை, காது, அம்பாரித் தூண் எல்லாம் செதுக்குகிறார். கண்ணுக்கு வந்தால் உளியைக் கீழே வைத்துவிடுகிறார். அலமாரியில் பதினோரு யானைகள் வரிசையாக. எல்லாம் மூடின கண். அவற்றுக்கு நடுவே, எல்லாவற்றையும் விடப் பெரிதாக, டெல்லிக்குப் போன யானையின் ஜோடி. டேப்பை வைத்து அளந்தேன், உயரம் பதினெட்டு அங்குலம். இமைக்கோடு நெல்மணி நீளம்கூட இல்லை. இவ்வளவு சின்ன இடத்தில் ஒரு மனிதர் சிக்கிக்கொண்டிருக்கிறார்.

ஓனர் சந்திரப்பா நல்ல உபசாரி. டிகாஷன் காபி வரவழைத்தார். தமிழும் கன்னடமும் கலந்து அவர் பேசியதில் பாதி எனக்குப் புரிந்தது.

"நீவு அக்கா அல்வா, அக்காதானே? நீங்க சொன்னா கேப்பாரு. இவரு கண்ணு தெறக்கற கதையைச் சொல்லித்தான் நான் டூரிஸ்டுக்கு யானை விக்கிறேன். இப்ப எல்லாம் தூங்குது. தூங்கற யானையை யாரு வாங்குவா?"

"அந்த ஞாயித்துக்கிழமை என்ன நடந்துச்சுங்க?"

"என்ன நடக்கணும்? வந்தாங்க. பாத்தாங்க. தொகொண்டு, எடுத்துட்டுப் போனாங்க. கார்ல ஏசி போட்டுட்டு நின்னாங்க, பத்து நிமிஷம் கொடலில்லா, குடுக்கல."

"கண்ணு திறந்திருந்துச்சா?"

"திறந்திருந்துச்சு."

"ரெண்டும்?"

காபித் தம்ளரைப் பார்த்தார். "ஒரு யானைக்கு எஷ்டு கண்ணு? ரெண்டு. நான் பார்த்தது ஒரு பக்கம். பார்த்த பக்கம் திறந்திருந்துச்சு."

அவர் பொய் சொல்வதாகவும் தோன்றவில்லை, முழு உண்மையைச் சொல்வதாகவும் தோன்றவில்லை. எனக்கு முந்தின நாளை விடக் குழப்பம் கூடியது.

பின்கட்டில் ஒரு பெண் தரையில் உட்கார்ந்து சின்ன யானை ஒன்றுக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெயர் ரத்னா. ஹனூர்ப் பக்கம். பதினான்கு வருடமாக இந்தப் பட்டறையில் பாலிஷ் வேலை. பேச்சைக் கேட்டதும் பஸ்ஸில் வந்த தக்காளிக் கூடை அம்மாவின் நினைவு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கதை கொடுத்தேன். ஊர், மாமியார், தக்காளி விலை எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. "அந்த ஞாயித்துக்கிழமை நீ வந்திருந்தியா?" என்றதும் உப்புத்தாள் வேகமாக ஓடத் தொடங்கியது.

"தும்பிக்கை தேஞ்சு போயிரும்மா" என்றேன்.

கையை நிறுத்தினாள். "அக்கா, நீங்க தையல்காரிதானுங்? ஊக்குக் கட்டாம ஒரு ஜாக்கெட்டைக் குடுத்தனுப்புவீங்களா?"

"மாட்டேன்."

"ஆள் வாசல்ல நிக்கறாங்க, ஊக்குக் கட்டற பொண்ணு ஊருல இல்ல. அப்ப?"

"நானே கட்டிக் குடுப்பேன்."

"அதத்தானுங் நானும் பண்ணுனேன்" என்றாள் மிக மெதுவாக.

கதவைச் சாத்திவிட்டு வந்து முழுவதையும் சொன்னாள். ஞாயிறு காலை ஓனர் போன் செய்து வரச்சொல்லியிருக்கிறார். கடைசியாக ஒருமுறை துணி போட்டுத் துடைத்துப் பெட்டியில் வைக்க வேண்டும். துடைக்கும்போதுதான் கண்ணைப் பார்த்திருக்கிறாள். ஓனரிடம் சொன்னால், 'பழனி போன் எடுக்கல, அப்படியே வை' என்றிருக்கிறார்.

"எங்க யானை கண்ணு தெரியாமப் போகோணுமான்னு மனசு கேக்கலீங் அக்கா. பதினாலு வருசமாப் பாத்திருக்கறன், அண்ணன் எப்படி உளியைச் சாய்க்கறாருன்னு. அவரு பெட்டியத் தொறந்து அந்தச் சின்ன உளிய எடுத்தேன். எடது கண்ணுல வெச்சு ஒரே தட்டு. நல்லாத்தான் வந்துச்சுங். வலது பக்கம் திருப்பறதுக்குள்ள ஓனரு வந்து தூக்கிட்டுப் போயிட்டாரு. நான் அண்ணன் உளியத் தொட்டதை அவரு பாத்தாரு. கம்முனு இருன்னு சொல்லிட்டாரு."

"அப்புறம் ஏன் பழனிவேல்கிட்ட சொல்லல?"

அவள் கண் கலங்கிவிட்டது. "அவரு உளிய யாரும் தொடக்கூடாதுங். அதை விடுங்க. அவரு பச்சைத்தண்ணி குடிக்காமத் தொறப்பாரு. நான் அன்னைக்கு..." நிறுத்தினாள். "நாலு இட்லி தின்னுட்டு வந்திருந்தேன் அக்கா."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவள் இதைச் சொல்லும்போது முகத்தில் இருந்த பயம் நான்கு இட்லிக்கான பயம் அல்ல.

"அவரு கோபத்துலதான் கண்ணு திறக்காம உக்காந்திருக்காருன்னு நெனச்சியா?"

"ஆமாங். என் மேல சந்தேகப்பட்டுக் கோவிச்சுக்கிட்டாருன்னு."

"உன் மேல சந்தேகமே இல்லடி. அவரு மேலதான் அவருக்குச் சந்தேகம். அப்பா மாதிரித் தனக்கும் மறதி வந்துடுச்சுன்னு இருக்காரு. நாளைக்குப் பதினோரு மணிக்குத் தலை ஸ்கேன்."

அவள் கையிலிருந்த யானையை அப்படியே மடியில் கவிழ்த்துவிட்டாள்.  பிறகு, "நீங்க சொல்லிராதீங் அக்கா. நானே சொல்றன். இன்னைக்கு ஒரு நாள் விடுங்க" என்றாள். சரி என்று கையில் அடித்துக் கொடுத்துவிட்டேன். கொடுத்த மறுநிமிடமே ஏன் கொடுத்தோம் என்று இருந்தது.

வெள்ளி மாலை 5.00. கனகா தேவராஜ மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனாள். முழம் முப்பது ரூபாய் என்று மல்லிகை வாங்கினாள். குங்குமக் குவியல்கள், வாழைத்தார், வெற்றிலை என்று எதைக் காட்டினாலும் 'ம்' என்றேன்.

"உனக்கு என்ன ஆச்சுக்கா? வந்ததிலிருந்து இவருதான் பேசலைன்னு பார்த்தா இப்ப நீயும் பேச மாட்டேங்கற. ரெண்டு பேருக்கும் சேர்த்து ஸ்கேன் எடுக்கட்டுமா?"

வீட்டில் பழனிவேல் நிதானமாகச் சொன்னார்: "காலையில பட்டறைக்குப் போயி என் உளிப்பெட்டியை எடுத்துட்டு வந்துடறேன். ஓனரு வேற ஆளு பார்த்துக்கட்டும். அப்புறம் ஆஸ்பத்திரி." கனகா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். என் வாயில் முழு உண்மையும் இருந்தது. சொல்லிவிட்டால் இவர் இன்றைக்கே சாப்பிடுவார். ஆனால் ரத்னா சொல்லப் போகிறாள். சொல்லாமல் விட்டுவிட்டால்? காலை வேலைக்கே வராமல் போனால்? ஒரு பெண்ணின் கையில் அடித்த சத்தியத்துக்கும் ஒரு மனிதரின் பட்டினிக்கும் நடுவில் ராகி முத்தே எனக்கும் இறங்கவில்லை.

சனி, காலை 8.20. அவரோடு நானும் போனேன். சந்து நெடுகத் தண்ணீர் தெளித்திருந்தது. பட்டறை வாசலில் ரத்னா நின்றிருந்தாள். ஈரத்தலையில் துண்டு. எனக்குப் போன உயிர் வந்தது.

பழனிவேல் நேராக உளிப்பெட்டியிடம் போனார். ரத்னா அவருக்கும் பெட்டிக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"அண்ணா, ஒந் நிமிஷம். அந்தச் சின்ன உளியக் குடுங்."

"எதுக்கு?"

"குடுங். இன்னைக்கு நான் ஒண்ணுமே திங்கல."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. உளியை எடுத்து நீட்டினார். அவள் அலமாரியிலிருந்து ஜோடி யானையை இறக்கி, கிழக்கு வெளிச்சம் விழும் இடத்தில் பலகைமேல் வைத்தாள். உளியை இடது கண்ணின் இமைக்கோட்டில் சாய்த்து வைத்தாள்.  நிறுத்தி, மூச்சு விட்டு, கொட்டாப்புளியால் ஒரே தட்டு. மயிரிழைச் சுருள் ஒன்று தெறித்து விழுந்தது. மரத்துக்குள்ளிருந்து யானை எங்களைப் பார்த்தது.

"டெல்லிக்குப் போனதுக்கும் இந்தக் கண்ணு நான்தான் தொறந்தேனுங் அண்ணா. வலது கண்ணுக்கு நேரமில்லை. நீங்க ஒண்ணும் மறக்கல."

பழனிவேல் குனிந்தார். நாங்கள் யாரும் இல்லாதது போல அந்தக் கண்ணை வெகுநேரம் பார்த்தார். பவித்ராவின் கைபேசிப் படத்தைக் கேட்டு வாங்கி வைத்திருந்தார் போல. தன் கைபேசியில் அதைப் பெரிதாக்கிப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். பெருவிரலால் வெட்டின் ஓரத்தைத் தடவினார்.

"இது என் வெட்டு இல்ல" என்றார்.  "என் வெட்டு முடியற எடத்துல மேல ஏறும். இது கீழ இறங்குது. டிவியிலயும் இறங்குது. மூணு விநாடிங்கறதால எனக்குத் தெரியாமப் போச்சு." தரையில் உட்கார்ந்துவிட்டார். "என் வெட்டு இல்லக்கா. என் வெட்டு இல்ல."

தன் வேலை தன்னுடையது இல்லை என்று தெரிந்து ஒருவர் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

ரத்னா அழுதுகொண்டே, "அன்னைக்கு நாலு இட்லி தின்னுட்டேன் அண்ணா" என்றாள்.

"யானைக்குத் தெரியவா போகுது?" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "என் பெட்டியைத் தொட்டது தப்புதான்" என்றார். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் அவர் பழனிவேலே இல்லை. "இனிமே கேட்டுட்டுத் தொடு."

சத்தம் கேட்டு ஓனர் வந்தார். மூன்று பேர் முகத்தையும், பலகைமேல் ஒற்றைக்கண் யானையையும் பார்த்துப் புரிந்துகொண்டார். தப்பு செய்தவரின் அவசரத்தில் நிறையப் பேசினார். பயமாக இருந்தது, அதிகாரிகளிடம் மாட்டுவோமோ என்று நினைத்தேன், பழனி திறந்ததாகச் சொன்னால் யாருக்கும் கஷ்டமில்லை என்று பார்த்தேன் என்றார். பழனிவேல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என்னைப் பைத்தியம்னு நானே நெனச்சுட்டேன் யஜமானரே" என்று மட்டும் சொன்னார். ஓனர் குனிந்து யானையின் முகத்தைப் பார்த்தார். பிறகு மெல்ல ஆரம்பித்தார்.

"யோசனை பண்ணிப் பாரு பழனி. யானை அந்தத் தலைவரைப் பார்த்துக் கண்ணடிச்சிருக்கு. ரெண்டு நாட்டுக்கும் ஃப்ரெண்ட்ஷிப் அல்வா?"

பழனிவேல் சிரித்துவிட்டார். நான் வந்ததிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. எழுந்து குழாயடிக்குப் போய்க் கைகால் கழுவி வந்தார். காலையில் குளித்திருந்தார். சாப்பிடாமல் இருப்பதுதான் அவருக்கு ஆறு நாளாகப் பழக்கம். ஜோடி யானையைத் திருப்பி வலது கண்ணைத் திறந்தார். நான் எட்டிப் பார்த்தேன். அந்த வெட்டு மேலே ஏறியது. இடது அவள் கண், வலது அவர் கண். முன்னால் நின்று பார்த்தால் யானைக்கு லேசாக ஒரு குழப்பமான முகம். என்னைப் போலவே இருந்தது.

"இதை விக்கறதில்ல" என்றார் ஓனர். பதினோரு யானைகளுக்கும் அவர் கண் திறந்து முடிக்கும்போது மணி பத்தரை. பக்கத்துக் கடையிலிருந்து ஓனர் வரவழைத்த மசால் தோசையில் நாங்கள் யாரும் மிச்சம் வைக்கவில்லை. ரத்னா இரண்டு சாப்பிட்டாள். கனகாவுக்குப் போன் செய்தேன். மறுமுனையில் அழுகை. ஸ்கேனுக்கு என்ன செய்வது என்று கேட்டேன். "எழுதிக் குடுத்தது குடுத்தாச்சு, எடுத்துட்டே வரட்டும். நானும் கொஞ்ச நாள் நிம்மதியா இருப்பேன்" என்றாள். பழனிவேல் மறுக்காமல் போய்விட்டு வந்தார். தலையில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். 'ஒன்றுமில்லை' என்பதைச் சொல்லிச் சொல்லி பவித்ரா அப்பாவைக் கிண்டல் செய்துகொண்டிருந்தாள்.

சனி, மதியம் 1.30. கொள்ளேகால் வழி பஸ். வழியனுப்பப் பழனிவேல் வந்திருந்தார். பஸ் கிளம்பும் வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குள் ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது.

"மாப்ள, அங்க இருக்கற யானையை என்ன பண்றது? வலது கண்ணு மூடியேதானே இருக்கும்? யார்கிட்டயாவது சொல்ல வேண்டாமா?"

"கேட்டா சொல்லலாங்கக்கா."

"யாரு கேப்பா?"

"ரெண்டு பக்கமும் பார்க்கறவங்க யாராச்சும் கேப்பாங்க" என்றார். "குடுத்தவங்களும் பார்க்கல, வாங்கினவங்களும் பார்க்கல. டிவிக்காரங்க ஒரு பக்கம், பேப்பர்காரங்க ஒரு பக்கம். என்னைக்காச்சும் அந்த வீட்டுல தூசி தட்டற அம்மா ஒருத்தங்க பார்ப்பாங்க. அவங்களுக்குத்தான் முதல்ல தெரியும்."

நோட்டை எடுப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. மறந்துவிடக் கூடாதே என்று நரசிபுரம் பாலம் வரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்து எழுதினேன். நடத்துநர் வந்தார், அட்டையைக் கேட்டார், பார்த்தார், காசு வாங்கினார். பாலாற்றில் கைபேசி 'தமிழ்நாட்டுக்கு நல்வரவு' என்றது. போர்டுகளில் எழுத்து மறுபடி படிக்கும்படி ஆனது.

திங்கட்கிழமை கடையைத் திறந்ததும், தைத்து வைத்திருந்த ஜாக்கெட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஊக்குகள் எல்லாம் என் கடையில் வேலை செய்யும் செல்வி கட்டியவை. நான் கட்டினால் நூலை இரண்டு சுற்றுச் சுற்றுவேன், அவள் மூன்று சுற்றுகிறாள். இத்தனை வருடத்தில் அன்றைக்குத்தான் கவனித்தேன்.